ஒரே உறையில் இரு கத்திகள்

மோட்டார் பந்தய அணி ஒன்றில் இரண்டு கார்கள் ஓடினாலும், ஒருவரே பிரதான வீரர், மற்றவர் அவருக்குத் துணை என்பது நெடுங்காலம் அத்தொழிலின் சம்பிரதாயமாக இருந்துவந்தது. 1956ஆம் ஆண்டு மோன்ஸாவில், உலகப் பட்டம் தமக்கே கிட்டக்கூடிய நிலையிலும், இளைஞரான பீட்டர் காலின்ஸ் தம் ஃபெராரி காரிலிருந்து இறங்கி, வண்டி பழுதாகி நின்றுவிட்ட மூத்தவர் ஃபாஞ்சியோவிடம் அதை ஒப்படைத்தாரே, அந்த ஔதாரியம் அச்சம்பிரதாயத்தின் சிகரம்.

1988இல் மக்லாரன் அணியின் தலைவர் ரான் டென்னிஸ், இருமுறை உலகச் சாம்பியனாகியிருந்த பிரெஞ்சுக்காரர் அலென் ப்ராஸ்டையும், பிரேசில் வீரர் அயர்ட்டன் சென்னாவையும், மூத்தவர் இளையவர் என்ற பேதம் பாராட்டாமல் சரிசமமான கார்களில் அமர்த்தினார். பலன் அபாரமாக இருந்தது: 16 பந்தயங்களில் 15 வெற்றி, சென்னாவுக்கு எட்டு, ப்ராஸ்டுக்கு ஏழு. மொத்தப் புள்ளிகளில் ப்ராஸ்டே முந்தினாலும், சிறந்த 11 முடிவுகளை மட்டுமே கணக்கிடும் அக்கால விதிப்படி, 90க்கு 87 என்று பட்டம் சென்னாவுக்குப் போயிற்று. ஆனால் அவ்வாண்டே எஸ்டோரிலில், தம்மை முந்த வந்த ப்ராஸ்டைச் சென்னா அசுர வேகத்தில் பிட் சுவரை நோக்கி நெருக்கியதில் விரோதத்தின் வித்து விழுந்துவிட்டது.

அது முளைத்தது 1989 ஏப்ரலில், இமோலாவில். புறப்பாட்டில் எவர் முந்துகிறாரோ அவரை முதல் வளைவில் மற்றவர் தாக்குவதில்லை என்று இருவரும் வாக்களித்திருந்தார்கள். ஃபெராரி வீரர் கெர்ஹார்ட் பெர்கரின் கார் சுவரில் மோதித் தீப்பற்றியதால் பந்தயம் நிறுத்தப்பட்டு மீண்டும் தொடங்கியபோது, முந்திச் சென்ற ப்ராஸ்டைச் சென்னா டோஸா வளைவில் கடந்து வெற்றியும் பெற்றார். வாக்கு முதல் புறப்பாட்டுக்கே உரியது, மறுபுறப்பாட்டுக்கு அன்று என்பது சென்னாவின் வியாக்கியானம்; ப்ராஸ்டோ அதை நம்பிக்கைத் துரோகம் என்றே கொண்டார். டென்னிஸ் பின்னர் இருவரையும் அழைத்துச் சமாதானம் செய்வித்தார். அந்த அந்தரங்கப் பேச்சு பிரெஞ்சுப் பத்திரிகையொன்றில் வெளிவரவே, சென்னா ப்ராஸ்டுடன் பேசுவதையே நிறுத்திக்கொண்டார்.

டென்னிஸின் சமத்துவத்தில் நான் குறை காணவில்லை. அது நியாயமானது, தைரியமானது. வாக்கின் பொருளை விளக்கும் அதிகாரத்தை அந்த இருவரிடமே விட்டுவிட்டதுதான் பிழை. இமோலாவில் அன்று மாலையே, இதுதான் உடன்பாடு, இதை மீறியவர் இன்னார் என்று அணித்தலைவர் பகிரங்கமாகத் தீர்ப்புக் கூறியிருக்க வேண்டும்.

அவ்வாண்டு அக்டோபரில் சுஸுகாவில், முந்த முயன்ற சென்னாவின் காரும் இடம் கொடாத ப்ராஸ்டின் காரும் பின்னிக்கொண்டு நின்றன. ப்ராஸ்ட் இறங்கி நடந்தார். சென்னா பணியாளர்களைத் தள்ளச் சொல்லிக் காரைக் கிளப்பி, உடைந்த மூக்குப் பகுதியை மாற்றிக்கொண்டு முதலாவதாக வந்தும், வளைவைத் தவிர்த்து ஓடினார் என்று தகுதி நீக்கம் செய்யப்பட்டார். பட்டம் ப்ராஸ்டுக்கு உறுதியாயிற்று. அத்தீர்ப்பை எதிர்த்து, அதாவது தன் சொந்த வீரரின் பட்டத்துக்கே பாதகமாக, மக்லாரன் மேல்முறையீடு செய்து தோற்றது. மறு ஆண்டு ப்ராஸ்ட் ஃபெராரிக்குப் போனார். மக்லாரனில் அவர் இடத்துக்கு வந்தவர் பெர்கர்.