சுபாவமா, நடத்தையா: கொச்சியின் கால்பந்து அணிகள் ஆளெடுத்த கதை

இடப்பள்ளியிலிருந்து வடக்கே சென்றால் களமசேரி. அதற்கும் அப்பால் ஏலூர். களமசேரியில் பிரீமியர் டயர்ஸ், ஏலூரில் ஃபாக்ட் உர ஆலை. 1970களில் கேரளக் கால்பந்தின் வலுவான அணிகள் சில இத்தகைய ஆலைகளுக்கே சொந்தமாக இருந்தன. கல்லூரி, பல்கலைக்கழக மைதானங்களில் தேறிய இளைஞனுக்கு ஆலை தந்தது ஓரிரு பருவங்களுக்கான ஆட்ட ஒப்பந்தம் அன்று; ஓய்வு வயதுவரை நீளும் வேலை.

எனவே இவ்வணிகளின் தேர்வைத் திறன் ஒன்றைக் கொண்டே விளக்குவது பாதி விளக்கம்தான். முப்பது வயதைக் கடந்து கால் தளர்ந்த பின்னும், அதே மனிதர் மேலும் கால் நூற்றாண்டு ஆலையின் வருகைப் பதிவேட்டில் இருப்பார். ஆட்டத்தை எடுத்தவர்கள் ஆளையும் சேர்த்தே எடுத்தார்கள்.

1973 டிசம்பர் 27 அன்று எர்ணாகுளம் மகாராஜா கல்லூரி மைதானத்தில் ரயில்வே அணியை 3–2 என வென்று, கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது. மூன்று கோல்களையும் அடித்தவர் ஃபாக்ட் அணியைச் சேர்ந்த தலைவர் டி. கே. எஸ். மணி. துணைத்தலைவர் கொச்சிக்காரரான டி. ஏ. ஜாஃபர். பயிற்சியாளரோ தமிழர்: 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராகக் கோல் அடித்த சைமன் சுந்தர்ராஜ். ரோமில் அவர் ஆடிய இந்திய அணியைப் பயிற்றுவித்த எஸ். ஏ. ரஹீம், தொழிலால் பள்ளி ஆசிரியர். பின்னாளில் 1992, 1993 ஆகிய ஆண்டுகளில் கேரளம் மீண்டும் கோப்பை வென்றபோது பயிற்சியாளர் அதே ஜாஃபர். ஆட்டக்காரராக எடுக்கப்பட்டவரின் பயன் ஆட்டத்தோடு முடிவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அதே 1973இல் அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டை ஆளும் அமைப்பு எதிர்த்திசையில் நடந்தது. நான்காண்டு உதவித்தொகைக்கு மாற்றாக, ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டிய ஓராண்டு உதவித்தொகையைக் கொண்டுவந்தது. பல்லாண்டு உதவித்தொகைக்கு மறுபடி இடம் கிடைக்க ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. அங்கு ஆடப்படும் ஃபுட்பால் வேறு. ஆளெடுக்கும் சிக்கல் ஒன்றே. உறவு ஓராண்டுக்குச் சுருங்கும்போது, குணத்தைப் பற்றிய பேச்சு எவ்வளவு உரக்க ஒலித்தாலும், தராசில் கனப்பது திறனே. பயிற்சியாளருக்குப் பிடிக்காதவனை விலக்கவும் ‘குணம்’ என்ற சொல் வசதியாக உதவும்.

இங்குச் சொல்லையும் கவனிக்கவேண்டும். கல்வி நிலையம் தரும் ஒரே வகைத் தாளை மலையாளம் ‘ஸ்வபாவ’ சர்ட்டிஃபிக்கெட் என்கிறது. தமிழ் நடத்தைச் சான்றிதழ் என்கிறது. முன்னது ஒருவரின் இயல்பைச் சுட்டுகிறது. பின்னது அவர் நடந்துகொண்ட விதத்தை. நடத்தை ‘நட’ என்பதிலிருந்தும், ஒழுக்கம் ‘ஒழுகு’ என்பதிலிருந்தும் பிறந்தவை. இரண்டும் காலத்தில் நிகழ்பவை; தேர்வு நாளின் தொண்ணூறு நிமிடங்களில் அகப்படாதவை. பதினேழு வயதுச் சிறுவனின் சுபாவத்தை அளந்துவிட்டதாகச் சொல்லும் தேர்வாளர், உண்மையில் அவன் உடை, பேச்சு, குடும்பம், பள்ளி ஆகியவற்றையே அளந்திருக்கக்கூடும்.

ஐ. எம். விஜயனின் வாழ்க்கை இதைத் தெளிவாக்கும். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற ஏழைச் சிறுவன் அவர். கல்லூரி அணி வழியாக வந்தவர் அல்லர். 1987இல் கேரளக் காவல்துறை அவரைத் தன் அணிக்கு எடுத்தது. வி. பி. சத்யன், சி. வி. பாப்பச்சன் முதலியோர் ஆடிய அந்த அணி, 1990, 1991 ஆகிய ஆண்டுகளில் பெடரேஷன் கோப்பையை வென்றது. பின்னர் விஜயன் மோகன் பகானுக்குப் போனார், திரும்பினார், மறுபடியும் போனார். விசுவாசமே குணம் என்று கொண்டால் இது குறைதான். ஆயினும் ஆட்ட வாழ்க்கை முடிந்தபின் காவல்துறை அவரை மீண்டும் ஏற்றது. 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. சான்றிதழை முதலில் கேட்டிருந்தால், இந்த வரலாற்றில் அவர் பெயரே இருந்திராது.

ஆலை அணிகளின் காலத்தைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. கல்லூரி வாசலை எட்டாதவர்களுக்கு அவற்றின் கதவும் எளிதில் திறந்திருக்காது. ஆனால் அவற்றிடம் இருந்த ஒன்று இன்று அரிது: ஓர் ஆட்டக்காரரின் நடத்தை வெளிப்படவும், பிழை திருந்தவும் போதுமான ஆண்டுகள். 2014 முதல் இடப்பள்ளிக்கு அருகே கலூர் மைதானத்தில் நடந்துவரும் தொழில்முறை லீக்கில் ஒப்பந்தங்கள் சில பருவங்களுக்கே. திறனா குணமா என்று கேட்கும் நிறுவனம், அந்த இளைஞனுக்கு எத்தனை ஆண்டுகள் தரப்போகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.