தபாலில் வந்த கல்வியும் பதிவில் இல்லாத ஆசிரியரும்

தூரத்திலிருந்து கற்பித்தல் 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோயோடு நம் நாட்டுக்கு வந்த புதுமை என்றே பலரும் எண்ணுகின்றனர். அது சரியன்று. அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் மாணவருக்கு என்ன கிடைத்தது என்பது ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. கற்பித்தவருக்கு என்ன கிடைத்தது என்பது அதிகம் எழுதப்படவில்லை. இக்கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

இங்கிலாந்தில் 1840இல் பென்னித் தபால் முறை வந்தபோது ஐசக் பிட்மன் சுருக்கெழுத்தைத் தபால் வழியே கற்பித்தார். மாணவர் எழுதி அனுப்புவர். திருத்திய பிரதி திரும்பி வரும். 1858இல் லண்டன் பல்கலைக்கழகம், எந்தக் கல்லூரியிலும் சேராதவர்களுக்கும் தன் பட்டப் பரீட்சைகளைத் திறந்துவிட்டது. வெளிவாரிப் பட்டம் என்று நாம் இன்று சொல்வதன் தொடக்கம் இதுவே. பல்கலைக்கழகம் பாடத்திட்டம் தந்தது, பரீட்சை வைத்தது, பட்டம் கொடுத்தது. கற்பிக்கும் பொறுப்பை மாத்திரம் ஏற்கவில்லை. இலங்கையில் 1921இல் ஆரம்பிக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவர்களும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும் வரை, லண்டன் பட்டத்துக்கே தோற்றினர்.

இதே காலத்தில் ஆசிரியரின் ஊதியமும் ஒரு விசித்திரமான கணக்குக்குள் அகப்பட்டிருந்தது. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் உருவானது. அதனைத் தொடர்ந்து உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்குப் 'பெறுபேற்றுக்கு ஏற்ற கொடுப்பனவு' என்ற முறை வந்தது. பரிசோதகர் வந்து வாசிப்பையும் எழுத்தையும் கணக்கையும் சோதிப்பார். சித்தியடைந்த தலைகளை எண்ணிப் பணம் வரும். அம்மை நோயில் ஒரு பிள்ளை படுத்துவிட்டால் பாடசாலையின் வருமானம் அந்த அளவுக்குக் குறையும். மிஷன் பாடசாலைகள் நிறைந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் இம்முறை எத்துணை தூரம் பாதித்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஆசிரியரின் பதவியோ முகாமையாளரின் கையில் இருந்தது.

இந்த நிச்சயமின்மையிலிருந்து ஆசிரியர் மெல்ல மெல்லவே கரையேறினார். சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960இன் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961இன் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரசின் கீழ்க் கொண்டுவந்தன. அச்சுவீகரிப்பின் நன்மை தீமைகள் பற்றிப் பல சமூகங்களிலும் பல அபிப்பிராயங்கள் உண்டு. ஆயினும் ஆசிரியர் அரச ஊழியரானார், சம்பளமும் ஓய்வூதியமும் ஒரு முகாமையாளரின் மனநிலையைப் பொறுத்ததாக இல்லாமற் போயிற்று என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால், பாடசாலைக்குக் கிடைத்த இந்த நிலைபேறு வெளிவாரிக் கல்விக்குக் கிடைக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தபோது உள்வாரியாகப் பல்கலைக்கழகம் புக முடியாத தமிழ்பேசும் இளைஞர் பலருக்கு வெளிவாரிப் பட்டமே எஞ்சிய வாசலாயிற்று. பரீட்சையைப் பல்கலைக்கழகம் நடத்தியது. கற்பித்தலைத் தனியார் கல்வி நிலையங்களும், மாலையில் ஓய்ந்திருக்க வேண்டிய பாடசாலை ஆசிரியர்களும் செய்தனர். லண்டனின் 1858ஆம் ஆண்டு ஏற்பாடு நம் மண்ணில் மீண்டும் நடந்தது எனலாம். 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் இதனை ஓரளவு மாற்றியது. அச்சிட்ட பாடநூல், ஒப்படை, பகற் பாடசாலை, பிராந்திய நிலையம் என்று கற்பித்தலையும் பல்கலைக்கழகமே பொறுப்பேற்றது. எனினும் அம்முறைமை நிரந்தர விரிவுரையாளரோடு வருகைதரு விரிவுரையாளரையும் நம்பியே இயங்குவது.

யுத்த காலம் மற்றொரு பெயரை நமக்குத் தந்தது: தொண்டர் ஆசிரியர். 1990இல் சுன்னாகம் மின்நிலையம் செயலிழந்தபின் குடாநாடு ஆண்டுக்கணக்கில் இருளில் கிடந்தது. ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறையில் நானும் ஒருவன். வெற்றிடமான வகுப்புகளை அப்போது தாங்கியவர்களில் பலர் உயர்தரம் முடித்த இளைஞரும் யுவதியருமே. அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளம் மாவட்டத்தில் ஓலைக் கொட்டில்களில் தங்கியபோது, அங்கும் பிள்ளைகளின் கல்வி அறுந்துவிடாமல் காத்ததில் ஊதியம் எதிர்பாராது நின்ற இளைஞர்களுக்குப் பங்குண்டு. இருட்டில் இருந்த ஊரிலும், ஊரை இழந்த முகாமிலும் ஒரே பெயரில் ஒரே தொண்டு நடந்திருக்கிறது. நிரந்தர நியமனத்துக்காக அவர்களிற் பலர் வருடக்கணக்கில் காத்திருந்தனர். மலையகத்தில் 2015ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியமிக்கப்பட்ட ஆசிரிய உதவியாளர்கள் முதலில் பெற்ற மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. பின்னர் அது 10,000 ரூபா ஆனது.

இந்தப் பின்னணியில்தான் 2020 மார்ச்சில் கதவுகள் மூடின. பல்கலைக்கழகங்கள் லேர்ண் வலையமைப்பின் வழியே சூம் வகுப்புகளுக்கு மாறின. பாடசாலைகளோ வட்ஸ்அப்பை நம்பின. பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவ கிராமத்தில் ஆசிரியரும் பிள்ளைகளும் அலைவரிசை தேடிக் காட்டு வழியே பாறை உச்சிக்கு ஏறிய செய்தியை 2021இல் உலகமே வாசித்தது. கைபேசி ஆசிரியருடையது, டேட்டாவும் ஆசிரியருடையது. கட்டடம், மின்சாரம், கரும்பலகை என்று நிறுவனம் ஏற்றிருந்த செலவு சத்தமில்லாமல் வீடுகளுக்கு இடம்பெயர்ந்தது.

2021 ஜூலை 12 முதல் ஆசிரியர் சங்கங்கள் நிகழ்நிலைக் கற்பித்தலிலிருந்து விலகின. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நீடித்த சம்பள முரண்பாடே மூலகாரணம். ஒக்டோபர் 25இல் ஆசிரியர்கள் பணிக்குத் திரும்பினர். 2022 ஜனவரியில் முரண்பாட்டின் மூன்றிலொரு பங்கு தீர்க்கப்பட்டது. எஞ்சிய பங்குக்காக 2024இலும் குரல் எழுந்தது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பகிஷ்கரிப்புச் செய்ய முடிந்தவர் நிரந்தர ஆசிரியர். அவருக்குச் சங்கம் உண்டு. திரும்பிச் செல்லப் பதவி உண்டு. தொண்டர் ஆசிரியருக்கும் மணிக்கணக்கில் அழைக்கப்படும் வருகைதரு விரிவுரையாளருக்கும் ஓராண்டு ஒப்பந்தத்தில் இருக்கும் தற்காலிக உதவி விரிவுரையாளருக்கும் அது இல்லை. அவர் விலகினால் அது போராட்டமாகக் கருதப்படாது. அடுத்த தவணைக்கு அவர் அழைக்கப்படமாட்டார், அவ்வளவுதான்.

தமிழகத்திலும் இதே கதை வேறு பெயரில் நடக்கிறது. அங்கே அவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் ஒரு விரிவுரைக்கு 1,500 ரூபா, மாதத்துக்கு உச்சமாக 50,000 ரூபா என வழிகாட்டியது. தமிழக அரசுக் கல்லூரிகளில் 2023இல் உயர்த்தப்பட்ட பின்னரும் தொகுப்பூதியம் 25,000 ரூபாவாகவே இருந்தது. பெயரில் கௌரவம், ஊதியத்தில் பாதி!

இந்த நிலைமை அதிகம் பாதிப்பது எழுத்துப் பயிற்சியை. ஒலிப்பதிவு செய்த விரிவுரையை நூறு பேரும் கேட்கலாம், ஆயிரம் பேரும் கேட்கலாம். கட்டுரையை ஒருவர் ஒன்றொன்றாகத்தான் வாசிக்க வேண்டும். ஒரு கட்டுரைக்கு 20 நிமிடம் என்று வைத்தாலும் 120 மாணவருக்கு 40 மணித்தியாலம் தேவை. அது ஒரு முழு வாரத்து வேலை. விரிவுரை மணித்தியாலத்தை மாத்திரம் எண்ணும் ஒப்பந்தத்தில் அந்த வாரத்துக்கு இடமில்லை. விளைவு என்ன? ஓரத்தில் எழுதப்பட வேண்டிய குறிப்பு ஒரு சரி அடையாளமாகச் சுருங்குகிறது. வாதத்தை எங்கே தவறவிட்டோம் என்பதை அறியாமலே மாணவர் பட்டம் பெறுகிறார். நாளை அவரும் ஆசிரியராவார். பெறுபேற்றை எண்ணிப் பணம் கொடுத்த அன்றைய முறை மனனத்தை வளர்த்தது என்று குறை சொல்கிறோம். மணித்தியாலத்தை எண்ணும் இன்றைய முறை எதை வளர்க்கிறது என்றும் கேட்கத்தான் வேண்டும்.

எழுத்தைத் தொழிலாகவும் தவமாகவும் கொண்ட நம் இலக்கிய வட்டத்தினர் இதில் பார்வையாளராக இருக்க முடியாது. நம்மில் பலரின் முதல் வாசகர் நம் கொப்பியைச் சிவப்பு மையால் திருத்திய ஓர் ஆசிரியரே. அவருக்கு நியமனக் கடிதம் வேண்டும். திருத்தும் நேரம் வேலைநேரமாகக் கணிக்கப்பட வேண்டும். இணையச் செலவை நிறுவனம் ஏற்க வேண்டும். ஆசிரியர் சங்கங்கள் தற்காலிகப் பணியாளரையும் அங்கத்தவராக்க வேண்டும். 1961இல் பாடசாலை ஆசிரியருக்குச் சாத்தியமான நிலைபேறு, இன்று திரைக்குப் பின்னால் இருந்து கற்பிப்பவருக்கு மாத்திரம் சாத்தியமில்லை என்பதற்கு வரலாற்றில் எந்த நியாயமும் இல்லை.