தானே சுழன்ற எஞ்சின்

மனிதன் வானில் பறக்க முனைந்த காலத்தில் அவனுக்குப் பெருந்தடையாக நின்றது எஞ்சினின் எடை. 1903-ஆம் ஆண்டில் ரைட் சகோதரர்கள் பயன்படுத்திய எஞ்சின் ஏறத்தாழ 80 கிலோ எடையுள்ளது. அது தந்த ஆற்றலோ சுமார் 12 குதிரைச் சக்தியே. இவ்விடர்ப்பாட்டுக்குப் பிரான்சு நாட்டு லூயி செகேன், லோரான் செகேன் என்னும் சகோதரர்கள் கண்ட விந்தையான தீர்வை மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

சாதாரண எஞ்சினில் சிலிண்டர்கள் அசையாமல் நிற்கும். நடுவிலுள்ள தண்டு சுழலும். செகேன் சகோதரர்கள் இதனைத் தலைகீழாக்கினர். தண்டை விமானத்தோடு அசையாது பிணைத்து, அதனைச் சுற்றி விண்மீன் வடிவில் அமைந்த 7 சிலிண்டர்களையும் சுழலவிட்டனர். விமானத்தின் விசிறியும் அவற்றோடு சேர்ந்தே சுழன்றது. சுழலும்போது சிலிண்டர்கள் காற்றிலேயே குளிர்ந்தன. ஆதலின் நீர்த்தொட்டி வேண்டியதில்லை. ஓட்டத்தைச் சீராக்கத் தனியே பாரச் சக்கரமும் வேண்டியதில்லை. 'நோம்' எனப் பெயர்பெற்ற அந்த எஞ்சின் சுமார் 75 கிலோ எடையில் 50 குதிரைச் சக்தி தந்தது. 1909 ஆகஸ்டில் ரேம்ஸ் நகரில் நடந்த விமானப் போட்டியில், அதன் துணையால் ஆன்ரி ஃபார்மன் 180 கிலோமீட்டர் பறந்து தொலைதூரப் பரிசை வென்றார்.

ஒற்றைப்படையாக 7 சிலிண்டர்கள் ஏன் என்று நீங்கள் வினவலாம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிபொருள் வெடிக்கும். ஒன்றுவிட்டு ஒன்றாக, 1, 3, 5, 7, 2, 4, 6 என்ற வரிசையில் வெடித்தால், இரண்டு சுற்றுக்குள் ஏழும் சமமான இடைவெளியில் வெடித்து முடியும். இரட்டைப்படையாயின் இவ்வொழுங்கு அமையாது.

எரிபொருள் எஞ்சினின் உட்புறம் வழியே சென்றமையால், பெட்ரோலில் எளிதில் கரையாத விளக்கெண்ணெயே மசகாகப் பயன்பட்டது. எரியாத எண்ணெய் வெளியே சிதறி விமானியின் முகத்தில் படிந்தது.

அதனினும் பெரிய துன்பம் ஒன்று உண்டு. வேகமாகச் சுழலும் பம்பரத்தைச் சாய்க்க முயன்றால், அது நாம் தள்ளும் திசையில் சாயாமல் வேறு திசையில் விலகும். எஞ்சினும் அவ்வாறே நடந்துகொண்டது. 1917-இல் போர்முனைக்கு வந்த 'சாப்வித் கேமல்' விமானம் வலப்புறம் திரும்புகையில் மூக்கைத் தாழ்த்தியது. இடப்புறம் திரும்புகையில் உயர்த்தியது. தேர்ந்த விமானிக்கு அதன் விரைவான வலத்திருப்பம் போரில் பேருதவி புரிந்தது. பயிற்சி பெறும் இளைஞர் பலருக்கோ அது உயிரையே பறிக்கும் வினையாயிற்று.

எஞ்சினின் வேகத்தைக் கூட்டினால், காற்றைக் கிழிப்பதில் ஆற்றலின் ஒரு பகுதி வீணாயிற்று. எனவே முதல் உலகப் போர் 1918-இல் முடிந்தபின் அதன் செல்வாக்கு விரைவில் மறைந்தது. விமானங்களின் வேகம் பெருகவே, எதிர்க்காற்றே சிலிண்டர்களைக் குளிர்விக்கப் போதுமானதாயிற்று. பொறியியலார் சிலிண்டர்களை நிறுத்திவிட்டு, மீண்டும் தண்டையே சுழலவிட்டனர். எனினும், விமானத்துக்கு அந்த வேகம் கைவரும் வரை அதனை வானில் தாங்கி நின்றது, தானே சுழன்ற அவ்வெஞ்சின்தான்.