பருத்திக்குன்றத்துப் பெண்ணும் பன்னிரண்டு அங்குலப் பந்தும்

பதிவு கொஞ்சம் நீளம். பழைய வாத்தியார்தானே என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்து நாள் முன்பு என் தம்பியின் பேத்தி வீட்டுக்கு வந்தாள். கல்லூரியில் முதல் வருடம் சேர்ந்திருக்கிறாள். "பெரிய தாத்தா, என்னை சாஃப்ட்பால் டீம்ல எடுத்திருக்காங்க. அப்பா வேணாம்னு சொல்றார். நீங்க சொன்னா கேப்பார்" என்றாள்.

எனக்குக் கபடி தெரியும், கோகோ தெரியும், ரிங் பால் தெரியும். சாஃப்ட்பால் தெரியாது. தெரியாத விஷயத்துக்குச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை. அதனால் ஒரு வாரம் தேடிப் படித்தேன். நான்கு நாள் சாயங்காலம் அவர்கள் மைதானத்துக்கும் போய் உட்கார்ந்தேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

1887-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், அமெரிக்காவின் சிகாகோ நகரம். ஃபாரகட் படகுக் கிளப்பில் சில இளைஞர்கள் ஹார்வர்டு, யேல் பல்கலைக்கழகங்களின் கால்பந்துப் போட்டி முடிவுக்காகக் காத்திருந்தார்கள். முடிவு வந்த உற்சாகத்தில் ஒருவர் குத்துச்சண்டைக் கையுறையைத் தூக்கி எறிய, இன்னொருவர் கையில் இருந்த கழியால் அதை அடித்தார். அங்கே இருந்த ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அந்தக் கையுறையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிப் பந்தாக்கினார். தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். ஆட்டம் பிறந்துவிட்டது.

1895-இல் மினியாபொலிஸ் நகரத்துத் தீயணைப்பு வீரர் லூயிஸ் ரோபர், மணி அடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்கும் தன் ஆட்களின் உடம்பு இளகாமல் இருக்க, இதே போன்ற ஆட்டத்தை நிலையத்தை ஒட்டிய காலி இடத்தில் ஆட வைத்தார். ஊருக்கு ஒரு பெயராக வழங்கிய இந்த ஆட்டத்துக்கு 'சாஃப்ட்பால்' என்று 1926-இல் பெயர் சொன்னவர் வால்டர் ஹகான்சன். அவர் டென்வர் நகரத்து ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்தவர்.

ஒய்.எம்.சி.ஏ. என்றதும் எனக்கு நம் சென்னை நினைவு வந்தது. கூடைப்பந்து 1891-இலும் கைப்பந்து 1895-இலும் அந்த அமைப்பின் உடற்பயிற்சிக் கூடங்களில் பிறந்தவைதான். அதே அமைப்பின் வழியாக வந்த ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர், 1920-இல் சென்னையில் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைக்கு நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியை மேலாளராக அழைத்துச் சென்றவரும் அவரே. நான் ஆசிரியர் பயிற்சி படித்தபோது எங்களுக்கு உடற்கல்வி சொல்லிக்கொடுத்தவர் நந்தனத்தில் படித்தவர். "விளையாட்டைக் கத்துக்குடுக்கிறதுக்கு முன்னாடி பயத்தை எடுங்கய்யா" என்பார். அதை இந்த வாரம் மைதானத்தில் கண்ணால் பார்த்தேன்.

இந்திய சாஃப்ட்பால் சங்கம் 1961-இல் ஜோத்பூரில் ஆரம்பமானது. பெண்களுக்கான முதல் உலகப் போட்டி 1965-இல் மெல்போர்னில் நடந்தது. ஆட்டத்தைக் கண்டுபிடித்த அமெரிக்காவை ஆஸ்திரேலியப் பெண்கள் தோற்கடித்துக் கோப்பையை வாங்கினார்கள். 1972-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அரசுப் பணம் பெறும் கல்விக்கூடங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்பது அதன் சாரம். அதன் பிறகுதான் அங்கே கல்லூரிப் பெண்கள் விளையாட்டு பெருகியது. அந்த நாட்டிலும் சட்டம் போட்ட பிறகுதான் வழி திறந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

1996-இல் அட்லாண்டாவில் பெண்கள் சாஃப்ட்பால் ஒலிம்பிக்கில் நுழைந்தது. 2008 பெய்ஜிங்கில் ஜப்பானின் யூகிகோ உவேனோ இரண்டே நாளில் 413 பந்து வீசித் தங்கம் வாங்கிக்கொடுத்தார். அதோடு ஆட்டத்தை ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். மறுபடி 2021-இல் டோக்கியோவில் சேர்த்தபோது, 39 வயதில் அதே உவேனோ வந்து மறுபடியும் தங்கம் வென்றார்.

இனி நம் மைதானம். பதினாறு பிள்ளைகள், ஒன்பது கிளவுஸ். முன்பே விளையாடியவர்கள் மூன்று பேர். மண்டலப் போட்டிக்கு ஐந்தாறு வாரம்தான் இருக்கிறது. பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். முதல் நாள் மட்டையை யாரும் தொடக்கூடாது என்றுவிட்டார். எல்லோரும் சேர்ந்து நெருஞ்சி முள் பொறுக்கினார்கள். கயிறு பிடித்து அறுபது அடிக்கு ஒரு பேஸ் குறித்தார்கள். பந்து வீசும் இடத்திலிருந்து அடிப்பவர் நிற்கும் இடம் 43 அடி.

பந்தின் சுற்றளவு பன்னிரண்டு அங்குலம். பெயர்தான் மென்பந்து, கையில் வாங்கினால் கல். அதன் உள்ளே இலவம் பஞ்சை இறுக்கி அடைக்கும் வழக்கம் உண்டு என்று படித்தபோது, பருத்தியைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊர்க்காரனுக்குச் சிரிப்பு வந்தது. முதல் இரண்டு நாளும் பந்து வந்தால் பிள்ளைகள் கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்தப் பெண் திட்டவில்லை. முதலில் டென்னிஸ் பந்து, பிறகு பழைய நைந்த பந்து, கடைசியில் புதுப் பந்து என்று படிப்படியாகப் பழக்கினார். நான்காம் நாள் யாரும் முகத்தைத் திருப்பவில்லை.

தம்பி மகன் மறுத்ததற்கும் காரணம் இருக்கிறது. அவன் பட்டுத்தறிக்காரன். கோர்வைச் சேலைக்கு எதிர்ப்பக்கக் கரையின் நாடாவை எறிய இன்னொரு ஆள் வேண்டும். அது இந்தப் பெண்தான். ஆவணி முகூர்த்தத்துக்கான சேலைகள் ஆடியில் தறியில் இருக்கும். போட்டிக்கான பயிற்சியும் அதே நேரத்தில்தான். கூலிக்கு ஆள் வைத்தால் அவனுக்கு மிஞ்சுவது என்ன என்று எனக்கும் தெரியும்.

ஆனாலும் போய்ப் பேசினேன். ஏன் என்றால் என்னிடம் ஒரு பழைய கடன் இருக்கிறது. பல வருடம் முன்பு என் வகுப்பில் ஒரு பெண் நீளம் தாண்டுவதில் வட்டப் போட்டியில் ஜெயித்தாள். மாவட்டப் போட்டிக்குப் போகும் வாரத்தில் அவள் அப்பா வந்து, "தறியில் ஆள் இல்லை சார், பேரை எடுத்துடுங்க" என்றார். நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. பேரை அடித்துக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பிள்ளை வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருடம் பள்ளிக்கும் வரவில்லை.

இதைத் தம்பி மகனிடம் சொன்னேன். பதில் சொல்லாமல் நாடாவைத் தள்ளிக்கொண்டே இருந்தான். சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தால் மைதானச் சுவர் ஓரம் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறான். மகள் ஓடிவந்து ஒரு பந்தைத் தரையோடு அள்ளி எடுத்து முதல் பேஸுக்கு வீசினாள். அவன் பயிற்சியாளரிடம் போய், "இருட்டுறதுக்குள்ள அனுப்பிடுவீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டான். "அனுப்பிடறேங்கண்ணா" என்றார் அவர். இப்போது அவள் விடியற்காலை இரண்டு மணி நேரம் தறியில், மாலை மைதானத்தில். முதல் போட்டி வரைக்கும்தான் இந்த ஏற்பாடு. பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறான்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் வீட்டில் பழைய சாஃப்ட்பால் கிளவுஸ் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். இன்னும் ஏழு பேருக்கு வேண்டும்.

நீளம் தாண்டிய அந்தப் பெண் இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு வரி எழுதம்மா. அன்றைக்கு நான் பேசியிருக்க வேண்டும்.