மக்கள் எழுச்சியும் முஸ்லிம் சகோதரத்துவ இயக்கமும்: எகிப்து, 2011–2013

மக்கள் எழுச்சியினாற் பயன்பெற்ற கட்சியே அவ்வெழுச்சியைத் தோற்றுவித்தது எனக் கொள்ளுதல் தவறாகும். எகிப்து இதற்குத் தக்க சான்று. 1928இல் ஹஸன் அல்-பன்னா நிறுவிய முஸ்லிம் சகோதரத்துவ இயக்கம், 2011 ஜனவரி 25ஆந் திகதி ஆர்ப்பாட்டத்துக்கு அழைப்பு விடுக்கவில்லை. அதன் இளைஞர் சிலர் தாமாகவே கலந்துகொண்டனர். தலைமையோ 28ஆந் திகதியே அணிதிரண்டது. பெப்ரவரி 6இல், முபாரக் பதவி விலகுமுன்னரே, உப சனாதிபதி ஒமர் சுலைமானுடன் அது பேச்சுக்கு அமர்ந்தது.

இத்தயக்கம் தற்செயலானதன்று. 1954இன் தடைக்குப் பின்னர் நெடுங்காலம் சிறையையும் தலைமறைவையும் கண்ட அமைப்புக்குத் தன்னைக் காத்தலே முதற்கடனாயிற்று. மருத்துவர், பொறியியலாளர் சங்கங்களில் வேரூன்றிய அதன் மத்தியதர வர்க்கத் தலைமைக்கு, மஹல்லா நெசவுத் தொழிலாளரின் வேலைநிறுத்த அரசியல் அந்நியமாகவே இருந்தது. ஆதலின் வீதியைவிட வாக்குப் பெட்டியையும் இராணுவத்துடனான இணக்கத்தையுமே அது நம்பிற்று. 2011 நவம்பரில் முஹம்மத் மஹ்மூத் வீதியில் இளைஞர் மடிந்தபோது இயக்கம் விலகி நின்றது.

2012 ஜூனில் முர்ஸி 51.7 வீத வாக்குகளுடன் சனாதிபதியானார். நவம்பர் 22இல் தம் ஆணைகளை நீதிமன்றங்களுக்கு அப்பாற்பட்டவையாக்கினார். 2013 ஜூலை 3இல் இராணுவம் அவரை அகற்றியபோது, தஹ்ரீரில் உடன்நின்றோருட் பலர் அதனை வரவேற்றனர். ஆகஸ்ட் 14இல் ரபாஆ சதுக்கத்தில் அவருடைய ஆதரவாளர் நூற்றுக்கணக்கிற் கொல்லப்பட்டனர்.

இயக்கத்தின் தவறுகள் இக்கொலைகளை நியாயப்படுத்தா. அவ்வாண்டு நவம்பரில் வந்த ஆர்ப்பாட்டச் சட்டம், இராணுவத்தை வரவேற்ற இளைஞரையும் சிறைக்கு அனுப்பியது. வீதியைக் கைவிட்ட கட்சி வீழ்ந்தது. அவ்வீழ்ச்சியைக் கொண்டாடிய முற்போக்காளரும் வீதியை இழந்தனர்.