லண்டன் புகைமூட்டமும் மூச்சு நோயாளிகளும்

1952 டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. லண்டனில் கடுங்குளிர். வீட்டுக்கு வீடு கணப்பில் நிலக்கரி எரிந்துகொண்டிருந்தது. மூடுபனி லண்டன்வாசிகளுக்குப் புதிதல்ல என்பதால் முதல் நாள் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ஆனால் இந்த முறை காற்று அசையவே இல்லை. தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றுக்கு மேலே வெப்பமான காற்று மூடி போட்டதுபோல நின்றுவிட்டது. புகைபோக்கிகளின் புகை மேலே போக வழியின்றித் தெருவிலேயே தங்கியது. அதுவும் ஐந்து நாட்கள்!

நாளொன்றுக்குச் சுமார் 1000 டன் புகைத்துகளும் 370 டன் கந்தக டை ஆக்சைடும் வெளியானதாகப் பின்னர் கணக்கிட்டார்கள். அந்த வாயு பனித்துளிகளில் கரைந்து கந்தக அமிலமாக மாறியது. போருக்குப் பின் கடனில் தவித்த பிரிட்டன், நல்ல நிலக்கரியை ஏற்றுமதிக்கு ஒதுக்கிவிட்டு மட்டமான கரியைச் சொந்த மக்களுக்கு விற்றதும் ஒரு காரணம்.

பஸ்ஸுக்கு முன்னால் கண்டக்டர் பந்தம் பிடித்து நடந்தது, அரங்கத்துக்குள் புகை நுழைந்து ஓபரா முதல் அங்கத்தோடு நின்றது, கண்காட்சிக்கு வந்த மாடுகள் மூச்சுத்திணறிச் செத்தது... இவையெல்லாம் அடிக்கடி சொல்லப்படும் கதைகள். செத்த மனிதர்கள் யார் என்பதுதான் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பெரும்பாலும் முதியவர்கள், ஏற்கெனவே நுரையீரலோ இதயமோ கெட்டிருந்தவர்கள். நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி (பிராங்கைடிஸ்) அன்று 'ஆங்கிலேய நோய்' என்றே பெயர் வாங்கும் அளவுக்கு அங்கே பரவலாக இருந்தது. பல வருடக் கரிப்புகையும் சிகரெட் புகையும் சேர்ந்து அவர்களின் மூச்சுக்குழல்களைச் சுருக்கியிருந்தன. சளியை மேலே தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் பழுதாகியிருந்தன. ஆரோக்கியமானவர் அமிலப் புகையை இருமித் தள்ளிவிடுவார். இவர்களுக்கோ குழல் மேலும் வீங்கி, சளி அடைத்து, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து, கடைசியில் இதயமும் தளர்ந்துவிடும். பிராங்கைடிஸ், நிமோனியா சாவுகள் ஏழு மடங்குக்கு மேல் கூடின. சவப்பெட்டிக்கே தட்டுப்பாடு வந்ததாம்.

அரசு ஒப்புக்கொண்ட எண்ணிக்கை சுமார் 4000. அடுத்து வந்த மாதங்களிலும் சாவு குறையவில்லை. அதை இன்ஃபுளுயன்சா கணக்கில் எழுதிவிட்டார்கள். 'எப்படியும் சாகவிருந்த நோயாளிகள்தானே, சில நாள் முந்திப் போனார்கள்' என்ற வாதமும் உண்டு. அது உண்மையானால் அடுத்த வாரங்களில் சாவு வழக்கத்தைவிடக் குறைந்திருக்க வேண்டுமே? குறையவில்லை. மிஷல் பெல், டெவ்ரா டேவிஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2001-இல் பழைய பதிவுகளை மறுபடி பார்த்து, மொத்தச் சாவு 12,000 அளவில் இருக்கலாம் என்றார்கள். அரைநூற்றாண்டு தாமதம்!

ஹியூ பீவர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டு, 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகையில்லா வட்டாரங்கள் அறிவிக்கப்பட்டன. வீட்டுக் கணப்பை மாற்றிக்கொள்ள மானியமும் கிடைத்தது.

இந்த வரலாற்றில் மிகவும் சுவையான பகுதி இதற்குப் பிறகுதான். பாட்ரிக் லாதர் என்ற மருத்துவர் பிராங்கைடிஸ் நோயாளிகளிடம் சின்ன நாட்குறிப்புகளைக் கொடுத்தார். 'நேற்றைவிட இன்று தேவலையா, அப்படியேதானா, மோசமா?' தினமும் இதை மட்டும் குறித்தால் போதும். 1959-60 குளிர்காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். அந்தக் குறிப்புகளை அன்றன்றைய காற்றின் அளவீடுகளோடு சேர்த்து வரைந்தபோது, புகை ஏறிய நாட்களில் 'மோசம்' என்ற கோடும் கூடவே ஏறியது. எளிய முறைதான், ஆனால் நோயாளியின் சொல்லையே அளவுகோலாக்கிய முறை.

1960-களின் இறுதிக்குள் லண்டன் புகை வெகுவாகக் குறைந்தது. அப்போது எழுதப்பட்ட நாட்குறிப்புகளில் அந்தக் கோடு முன்போல் துள்ளவில்லை.