ஐ.சி.யூ. எண்களுக்குள் எங்கட தீவு

கரம்பொன்னில் ஒருவருக்கு மூச்சு முட்டினால் முதலில் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரி. நிலைமை மோசமெண்டால் பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி. அங்கே ஐ.சி.யூ.வில் துடிப்பு, இரத்த அழுத்தம், ஒட்சிசன் எல்லாம் மணித்தியாலக் கணக்கில் தாளில் ஏறும். ஆள் வீட்டை திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் அந்த எண்கள் அங்கேயே இருக்கும். பிறகு அவற்றுக்கு என்ன நடக்கிறது?

வரலாறு படிக்கிற எங்களுக்கு இது புதிய கேள்வி இல்லை. ஒல்லாந்தர் வரி அறவிடத்தான் தோம்பு எழுதினார்கள். இண்டைக்கு அதே தோம்பிலிருந்து அந்தக் காலத்துக் காணியையும் குடும்பத்தையும் சாதியையும் ஆராய்கிறோம். ஒரு தேவைக்கு எழுதினது இன்னொரு தேவைக்கு உதவுகிறது.

ஐ.சி.யூ.வின் கதை 1952இல் கோப்பன்ஹேகனில் தொடங்குகிறது. இளம்பிள்ளைவாதத்தால் மூச்செடுக்க ஏலாதவர்களுக்கு, பியோர்ன் இப்சன் என்ற மருத்துவரின் யோசனைப்படி, எங்கட வயது மருத்துவ மாணவர்கள் முறைவைத்துக் கையால் காற்று அடித்தார்கள். அந்தப் பராமரிப்பு முறை உலகமெங்கும் பரவ, எண்களும் குவிந்தன. 1985இல் அமெரிக்காவில் 13 ஆஸ்பத்திரிகளின் 5,815 அனுமதிகளை வைத்து, நோயின் கடுமையை அளக்க ‘அப்பாச்சி 2’ என்ற புள்ளிமுறை வந்தது. (எங்கட அப்பாச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) பிறகு பொஸ்டனில் ஒரு ஆஸ்பத்திரியின் 2001 தொடக்கம் 2012 வரையான ஐ.சி.யூ. பதிவுகள், பெயர் நீக்கி, திகதி மாற்றி, ‘மிமிக்’ என்ற தரவுத்தளமாக ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன.

இதால் என்ன லாபம் எண்டு கேட்பீர்கள். விரலில் மாட்டுகிற ஒட்சிசன் மானியை எடுங்கோ. 2020இல் மிச்சிகன் ஆய்வாளர்கள் பழைய சிகிச்சைப் பதிவுகளைப் புரட்டினார்கள். மானி 92–96 வீதம் காட்டியபோதும் இரத்தத்தில் உண்மையில் 88க்குக் கீழே இருந்த சந்தர்ப்பங்கள், வெள்ளையரில் 3.6 வீதம், கறுப்பினத்தவரில் 11.7 வீதம். கருத்த தோலில் கருவி பிழைவிடுகிறது! இதைக் காட்டப் புதிதாக ஒருவரையும் ஊசியால் குத்தவில்லை. கருத்த தோல்காரரான எங்களுக்கு இது ஊர்ப் பிரச்சினை.

அதே நேரம், அமெரிக்க எண்களில் பிறந்த அளவுகோல் எங்களுக்கு அப்படியே பொருந்தாது. அப்பாச்சி கேட்கிற இரத்தப் பரிசோதனைகள் எல்லா இடத்திலும் செய்ய வசதியில்லை. இலங்கையில் சுகாதார அமைச்சின் கீழ் தேசிய ஐ.சி.யூ. கண்காணிப்பு ஏற்பாடு ஒன்று தொடங்கி, எங்கே கட்டில் காலி எண்ட தகவலோடு நோயாளர் பதிவேடும் வளர்ந்தது. தெற்காசியாவுக்கு ஏற்ற எளிய புள்ளிமுறை ஒன்று 2017இல் வெளியானதும் இந்த முயற்சிகளின் தொடர்ச்சிதான்.

ஆனால் மயக்கத்தில் கிடக்கிறவரிடம் யார் அனுமதி கேட்பது? பெயரை நீக்கினால் போதும் என்பது பொஸ்டனுக்குச் சரியாக இருக்கலாம். நெடுந்தீவிலிருந்து அந்த மாதம் ஐ.சி.யூ.வுக்குப் போன எழுபது வயது அம்மா ஒராள்தான் எண்டால், பெயரே தேவையில்லை, ஊர் முழுக்கத் தெரியும். இறங்குதுறையில் நிக்கிறவரும் சொல்லுவார்.

அதுக்காகத் தீவுகளைக் கணக்கில் சேர்க்காமல் விடவும் ஏலாது. படகும் பாலமும் கடந்து பிந்தி வருகிறவர்களுக்கு என்ன நடக்கிறது எண்டு அந்த எண்கள்தான் சொல்லும். ஊர்ப் பெயருக்குப் பதிலாகத் ‘தீவகம்’ எண்டு மட்டும் பதியலாம், வயதைப் பத்துப் பத்தாகப் பிரிக்கலாம், நோயாளியின் உறவினரிடம் தமிழில் விளங்கப்படுத்தலாம். தோம்பு எழுதினபோது எங்கட ஆக்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. இந்தமுறை கேட்கட்டும்.